வலது கன்னத்தில் மட்டும் ஏன் பரு?

பதினாறு வயதில் எட்டிப் பார்க்காத பரு, முப்பத்தாறில் வந்து கன்னத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மாதமாக நான் கண்ணாடிப் பக்கமே போவதில்லை.

இன்று காலை டாக்குரியா ஸ்டாப்பில் மினிபஸ் ஏறினேன். பக்கத்து சீட் பெண்மணி என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, பெங்காலியில், பஸ்ஸுக்கே கேட்கும்படி விசாரித்தார்: “வயிறு சுத்தமா போகுதா?”

இந்த ஊரில் தலைவலிக்கும் இதே கேள்விதான். “போகுது” என்றேன், தலையைக் குனிந்துகொண்டு.

முன்சீட்காரர் திரும்பி, பப்பாளி சாப்பிடச் சொன்னார். கண்டக்டர் வேப்பிலை என்றார்.

அந்தப் பெண்மணிக்குத் திருப்தியில்லை. “எல்லாம் வலது பக்கம். இடது கன்னத்துல ஒண்ணுகூட இல்லையே, ஏன்?”

அட, எனக்கே அப்போதுதான் தெரியும்!

அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து அம்மா போன். வழக்கம்போல வலது கன்னத்தில் அழுத்திக்கொண்டேன். பெண்மணி வெற்றியோடு செல்போனை நோக்கி விரலை நீட்டினார்.

அம்மாவிடம் சொன்னேன். “போன்ல பேசுனா பரு வருமாடி? எல்லாம் திருஷ்டி” என்று ஆரம்பித்தவள், நான் இறங்கவேண்டிய சால்ட் லேக் வரை நிறுத்தவில்லை. முழுவதையும் இடது கன்னத்தில் வைத்துக் கேட்டேன்.

பத்து நாளில் தெரிந்துவிடும்.

நீங்கள் எந்தப் பக்கம் வைத்துப் பேசுகிறீர்கள்? கண்ணாடியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். என் வயிற்றைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அதை பஸ்ஸிலேயே சொல்லியாகிவிட்டது.