அவர் கேட்டது இரண்டு கட்டம்

பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையின் ஆய்வு அறையில் ஒரே ஒரு கணினி இருக்கிறது. அதில் ஓடுவது நான் எழுதிய மென்பொருள். பாகம் ஒவ்வொன்றாகக் கேமராவுக்குக் கீழே வரும். திரையில் ஒரு விசைக்கு அதன் படம் முழுதாகத் தெரியும், இன்னொரு விசைக்கு அளவுகளின் கிராஃப் தெரியும். ஒன்றைப் பார்க்கும்போது மற்றதைப் பார்க்க முடியாது. விசையை அழுத்தி மாற்றி மாற்றிப் பார்த்து, பழுதான பாகத்தை ஒதுக்க வேண்டும்.

பகல் ஷிப்டில் அங்கே உட்கார்ந்திருந்தவர் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். கணவருக்கு வேறொரு கம்பெனியில் வேலை, மத்திகிரியில் வாடகை வீடு, ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகன். நான் பராமரிப்புக்குப் போயிருந்த ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"படத்தப் பாத்துட்டு கிராஃபுக்குப் போறதுக்குள்ள அடுத்த பீஸ் வந்துருதுக்கா. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணும் தப்பாது. இன்னொரு கம்ப்ளைண்ட் வந்தா பேக்கிங்குக்கு மாத்திருவோம்னு சொல்லிட்டாங்க. அங்க வாரா வாரம் ஷிப்டு மாறும். பிள்ளைய யாருகிட்ட விட?"

நியாயமான கோரிக்கை. சுலபமான வேலையும்கூட. திரையை நடுவில் பிரித்து இடப்பக்கம் படம், வலப்பக்கம் கிராஃப். ஒரு வாரத்தில் தந்துவிடலாம் என்று அவரிடமே சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்து நடந்த கூட்டத்தில்தான் சனி பிடித்தது. எங்கள் அலுவலகம் ஓசூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. மொத்தமே ஆறேழு பேர். தொழிற்சாலையின் இன்ஜினியர் வந்து, பப்ஸ் சாப்பிட்டபடி நான் சொன்னதைக் கேட்டார்.

"ரெண்டு இன்னாத்துக்கு மேடம்? நாளைக்கு மூணு கேப்பாங்க, அப்புறம் நாலு கேப்பாங்க. யூசரே எப்படி வேணுமோ அப்படிப் பிரிச்சிக்கினா நமக்குத் தலைவலி இல்ல பாருங்க."

"முதல்ல ரெண்டு குடுத்துடறேன் சார். மத்தத அப்புறம் பார்க்கலாம்" என்றேன். இரண்டு தடவை வேலை வேண்டாம் என்றார் அவர். எங்கள் முதலாளி அவரோடு கன்னடத்துக்கு மாறினார். மேடம் எதற்கும் முதலில் முடியாது என்பார், பிறகு செய்துவிடுவார் என்று சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. எல்லைப்புறத்திலேயே வளர்ந்தவளுக்குக் கன்னடம் தெரியாமல் இருக்குமா? முதலாளிக்கு அது நினைவிருந்ததே இல்லை.

அந்தக் கணினியை ஒருநாளும் தொடாத இரண்டு பேர் இப்படி முடிவு செய்தார்கள். நான்கு மாதம் போயிற்று.

யூசரே பிரிப்பது என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு அது ஒரு கோடு போடுகிற வேலை. உண்மையில் ஒவ்வொரு கட்டத்தையும் மறுபடி பிரிக்க முடிய வேண்டும், நெடுக்கிலும் குறுக்கிலும். நடுக்கோட்டை இழுத்தால் இரண்டு பக்கமும் அளவு மாற வேண்டும். ஒரு கட்டத்தை மூடினால் அந்த இடத்தைப் பக்கத்துக் கட்டம் நிரப்ப வேண்டும். விசையை அழுத்தினால் அது எந்தக் கட்டத்துக்கான கட்டளை என்பது தெரிய வேண்டும். மறுநாள் திறக்கும்போது விட்டது விட்டபடியே இருக்க வேண்டும். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று கெட்டது. கோட்டை இடப்பக்கம் இழுத்தால் வலக்கோடியில் இருந்த கட்டம் காணாமல் போயிற்று. ஒன்றை மூடினால் இரண்டு மூடின. ஒரே படத்தை மூன்று கட்டத்தில் திறந்தால் கேமரா திக்கித் திணறியது. காவேரிப்பட்டினத்திலிருந்து தினமும் வந்துபோகிற பஸ்ஸில், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு மாடு ஏற்றிவந்த வண்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நிற்கும்போதும் என் தலைக்குள் கட்டங்கள்தான் ஓடின. வீட்டில் யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன்.

அந்தப் பெண் வாரம் ஒருமுறை போன் செய்வார். "ரெடியாயிட்டாக்கா?" அவ்வளவுதான் கேட்பார். ரெண்டு கட்டத்தை மட்டுமாவது முதலில் போட்டுவிடுகிறேன் என்று முதலாளியிடம் மறுபடி மறுபடி கேட்டுப் பார்த்தேன். அரைகுறையாகக் கொடுத்தால் பேர் கெட்டுவிடும் என்றார். பிறகு போன் வருவது நின்றது.

ஒருவழியாக முடித்து நிறுவப் போனபோது அந்த நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். இன்னொரு கம்ப்ளைண்ட் வந்ததாம். போன மாதமே முன்பிருந்தவரைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்களாம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இருந்தும் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பத்து நாள்கூடத் தாங்கவில்லை. இன்ஜினியர் போன் செய்தார். "இன்னா மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க? வந்து பாருங்க."

முதலாளியும் நானும் போனோம். திரை முழுவதும் தபால்தலை அளவில் கட்டங்கள். எதிலும் எதுவும் தெரியவில்லை. விசாரித்தால் விஷயம் இதுதான். அந்தத் தொழிற்சாலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: முந்தின ஷிப்ட் விட்டுப்போனதை அடுத்த ஷிப்ட் கலைக்கக் கூடாது. கலைத்த பிறகு ஏதாவது பழுது வந்தால் பழி கலைத்தவர் தலையில் விழும். மூன்று ஷிப்டுக்கும் ஒரே லாகின், அதிலிருந்து யாரும் வெளியேறுவதும் இல்லை. அதனால் அடுத்தவர் கட்டத்தை யாரும் மூடவில்லை. ஒவ்வொருவரும் வந்து, மிச்சமிருந்த இடத்தில் தனக்கென்று புதிதாக இரண்டு பிரித்துக்கொண்டார்கள். பயந்து பயந்து, மரியாதையாக, திரையை நாசமாக்கியிருந்தார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

"இதெல்லாம் வேணாம், லாக் பண்ணிடுங்க" என்றார் இன்ஜினியர்.

யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் மூடினேன். நடுவில் ஒரே கோடு. இடப்பக்கம் படம், வலப்பக்கம் கிராஃப். பிரிக்கும் வசதியை முடக்கினேன். டீ வந்து ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

இன்ஜினியர் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்தது. "இதான் மேடம் வேணும். முதல்லயே இப்படிக் குடுத்திருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்?"

முதலாளி சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்டார், என் சார்பாகவும் சேர்த்து. நான் வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று தெரிந்ததால் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

கேட்டுக்குப் போகும் வழியில்தான் பேக்கிங் ஷெட். ஷிப்ட் மாறுகிற நேரம். அவர் அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். முகத்தில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எப்படி இருக்கீங்க? பையன் எப்படி இருக்கான்?" என்றேன்.

"இருக்கோம்க்கா. அவங்க அப்பா எனக்கு எதிர் ஷிப்டா கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நான் வீட்டுக்குள்ள நுழைய, அவங்க வெளிய கெளம்ப, சரியா இருக்கும். மாத்தி மாத்திப் பாத்துக்கிடுதோம்." டேப்பின் நுனியை நகத்தால் கீறிப் பிரித்தபடியே லேசாகச் சிரித்தார். "நேத்து கேக்கான், எம்மா, நீயும் அப்பாவும் சண்டையான்னு."