காமாலைத் தெருவுக்கு இலவசப் பாடம்

இந்த ஊர் நூலகத்தில் சுவரிலிருந்து தண்ணீர் குடிக்கிறார்கள். பொத்தானை அழுத்தினால் தண்ணீர் வளைந்து மேலே எழுகிறது. கோட்டு போட்ட கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வரிசையாகக் குனிந்து குடித்துவிட்டுப் போகிறார்கள். யாரும் நிறம் பார்ப்பதில்லை, முகர்ந்து பார்ப்பதில்லை. நான் வீட்டிலிருந்து காய்ச்சிய தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுபோகிறேன். “இங்க காய்ச்ச வேண்டாம்ப்பா” என்று மகன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். அவன் அமெரிக்காவில் ஒன்பது வருடமாக இருக்கிறான். நான் வந்து ஏழு மாதம்தான் ஆகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் முப்பத்தொரு வருடம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பேரனைப் பார்த்துக்கொள்ள என் மனைவியும் துணைக்கு நானுமாக வந்தோம். நிரந்தரமாகத் தங்குவதற்கான விண்ணப்பம் குடியேற்ற அலுவலகத்தில் கிடக்கிறது. அனுமதி கைக்கு வரும் முன் நாங்கள் வெளியேறினால் எல்லாம் ரத்தாகிவிடும் என்கிறான் மகன். இங்கே என்னைப்போல் பிள்ளை வீட்டில் காகிதத்துக்குக் காத்திருக்கும் பெரியவர்களுக்கு இது புரியும். ஊரில் இருப்பவர்களுக்குத்தான் புரியவைக்க முடியவில்லை. “டிக்கெட் போட்டா வந்துரலாம்லா?” என்று கேட்கிறார்கள்.

நூலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள். பெயர் எழுதிக்கொடுத்தால் அரை மணி நேரம் இலவசம். அங்கே உட்கார்ந்துதான் இந்த வயதில் நான் கொள்ளைநோய்ப் பாடம் படிக்கத் தொடங்கினேன். நோய் எப்படிப் பரவுகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பல நாட்டு ஆசிரியர்கள் பாடம் எழுதி, படங்களோடு இன்டர்நெட்டில் போட்டுவைத்திருக்கிறார்கள். கட்டணம் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, வயது கேட்பதில்லை. ஒரு படம் திரையில் முழுதாக இறங்குவதற்குள் நூறு எண்ணிவிடலாம். நான் எண்ணுவேன்.

படிக்க வைத்தவள் என் மகள் சுமதி. ராஜபாளையத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், மாப்பிள்ளைக்கு நூல் மில்லில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, “எங்க தெருவுல நெறைய பேருக்கு மஞ்சக்காமாலைப்பா, கீழாநெல்லிக்கு அம்புட்டு கிராக்கி” என்று சிரித்தாள். அப்போது அவளுக்கு ஆறாம் மாதம். மறுநாள் நூலகத்தில் தேடினேன். தண்ணீரில் பரவும் ஒருவகைக் காமாலை, மற்றவர்களைப் படுக்கப்போட்டுவிட்டுப் போய்விடும், ஆனால் மாதம் ஏறிய கர்ப்பிணிகளின் உயிரையே எடுக்கக்கூடும் என்று ஒரு பாடத்தில் இருந்தது. அந்த வரியை மூன்று முறை படித்தேன். நான் மாற்றிப் படித்திருப்பேன் என்று நினைத்தேன்.

பக்கத்தை அச்செடுக்க உதவி கேட்டபோது நூலகப் பெண்மணியிடம், என் மகள் தெருவில் நோய் என்று சொன்னேன். அவர் பதறி, மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தாமே போன் போட்டு என்னிடம் கொடுத்தார். எந்தக் கவுண்டி, அதாவது எந்த மாவட்டம், என்று மறுமுனையில் கேட்டார்கள். விருதுநகர் என்றேன். எழுத்துக்கூட்டச் சொன்னார்கள். கூட்டினேன். அப்படி ஒரு கவுண்டி இந்த மாநிலத்தில் இல்லை, நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்களா என்று மிக மரியாதையாகக் கேட்டார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான்.

சுமதியின் தெரு எனக்கு நன்றாகத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அங்கே போனபோது, வீட்டுக் குழாய்கள் இடுப்பு உயரத்தில் இருந்தன. தண்ணீர் வரத்துக் குறையக் குறையக் குழாயும் இறங்கியது. முழங்கால், கணுக்கால், பிறகு தரை. சுமதி கல்யாணத்துக்குள் வாசலுக்கு வாசல் குழி தோண்டி, அதற்குள் குழாயை வைத்து, ஆள் இறங்கிக் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீடு தோண்டினால் அடுத்த வீடு அதைவிட ஒரு சாண் ஆழமாகத் தோண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வராது. வாசல் தெளிக்கிற தண்ணீரும் சாக்கடைக் கசிவும் அந்தக் குழியில் தேங்கும். தண்ணீர் விடுவது நின்றதும் காலியாகும் குழாய், குழியில் இருப்பதை உள்ளே உறிஞ்சும். மறுமுறை தண்ணீர் விடும்போது அது பள்ளத்தில் இருக்கும் கீழ்வீடுகளுக்குப் போகும். இதற்கும் ஒரு பாடம் இருந்தது, படத்தோடு. சுமதியின் வீடு தெருவின் கீழ்க்கோடியில் இருக்கிறது.

யாருக்கு, எங்கே, எப்போது என்ற மூன்று கேள்விகளை முதலில் கேள் என்கிறது பாடம். சுமதியையே கேட்கச் சொன்னேன். தெருவில் நாற்பத்திரண்டு வீடு. பதினோரு வீட்டில் காமாலை, ஒன்றைத் தவிர எல்லாம் கீழ்ப்பாதி. நூலகத்தில் காகிதத்தில் கட்டம் போட்டுப் புள்ளி வைத்தேன். பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் மாதிரி இருந்தது. அன்றைக்கே சம்பந்தியம்மாவிடம் பேசினேன்.

“தங்கச்சி, குடிக்கிற தண்ணிய மட்டும் காய்ச்சிக் குடுங்க.”

“வயித்துப்பிள்ளக்காரிக்கு வெந்நி குடுத்தா சூடுல்லா அண்ணாச்சி? காமாலையே சூட்டுல வாறதுதான. எங்க குழிய நான் மஞ்சத்தண்ணி தெளிச்சுக் கண்ணாட்டம் வச்சிருக்கேன்.”

“குழி சுத்தமா இருந்தாலும் குழாய்க்குள்ள...”

“நீங்க அங்க ஐஸ்தண்ணி குடிச்சுக்கிட்டு எங்களுக்கு வெந்நி குடுக்கச் சொல்லுதீக!”

சிரித்தார். கெட்டவர் அல்ல. மருமகளுக்குப் பனங்கற்கண்டும் மாதுளம்பழமுமாக வாங்கிப் போடுகிறவர். மாமியார் வெளியே போனால் சுமதி ஒரு சொம்பு காய்ச்சிக்கொள்வாள், மற்ற நேரம் பானைத் தண்ணீர்தான். மாப்பிள்ளை நகராட்சிக்கு மனுக் கொடுத்தார், பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், குழிகள் அப்படியே இருந்தன.

அசைக்க முடியாத கணக்காகக் காட்டினால் கேட்பார்கள் என்று இன்னொருமுறை விசாரிக்கச் சொன்னேன். அடுத்த ஞாயிறு காமாலை வீடுகள் இருபத்தாறாகிவிட்டன. மேட்டு வீடுகளிலும், குழியே இல்லாத மாடி வீட்டிலும்கூட. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

“அப்பா, அமெரிக்காலருந்து கணக்கு எடுக்காகன்னு தெருவெல்லாம் பரவிருச்சு. காமாலைக்கு உதவி வருதாம். எதிர்த்த வீட்டு ராஜுத் தாத்தா, மெட்ராஸ்ல இருக்க மகன் பேரையும் சேத்துக்கச் சொல்லுதாரு.”

பின்னணியில் சம்பந்தியம்மாவின் குரல் கேட்டது: “மேட்டுலயும் காமாலைங்காக. அங்க குழி எங்க இருக்குன்னு ஒங்கப்பாவக் கேளு!”

ஆதாயம் இருக்கும் என்று நினைத்தால் ஆட்கள் இல்லாத நோயைச் சொல்வார்கள் என்று அதே பாடத்தொகுப்பில் பிறகு படித்தேன். பன்னிரண்டாம் பாடம். நான் ஏழாவதோடு கணக்கெடுக்கப் புறப்பட்டுவிட்டேன். என் கட்டமும் புள்ளியும் குப்பைக்குப் போயின. சம்பந்தியம்மாவை வழிக்குக் கொண்டுவர எந்தப் பாடத்திலும் வழி சொல்லியிருக்கவில்லை.

ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பெண்ணைத் தாய்வீட்டுக்குக் கூட்டிவருவது நம் வழக்கம். தாய் இங்கே பேரனுக்குப் பால் கலக்கிக்கொண்டிருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் வாடகைக்குக் கிரேஸ் டீச்சர் குடும்பம் இருக்கிறது. எங்கள் வீட்டில் கிணறு உண்டு, குழிக் குழாய் கிடையாது. “அவளை மட்டும் அங்கே அனுப்புங்கள்” என்று சம்பந்தியம்மாவிடம் கெஞ்சினேன்.

“பெத்தவ வந்து கூட்டிட்டுப் போறதுதான் மொறை. வாடகைக்கு இருக்கவிய வீட்டுக்கு எம் மருமவள எப்படி அனுப்ப? ஊரு என்ன பேசும்?”

நான் போனை வைத்துவிட்டுப் பாடத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். என் மனைவி அதில் ஒரு தாளைக்கூடப் படித்ததில்லை. பேரனை என் மடியில் போட்டுவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் எண்ணைச் சுழற்றி, டீச்சரிடம் தண்ணீர், காமாலை என்று ஒரு வார்த்தையும் பேசாமல், “எனக்குப் பதிலா நீங்க போகணும் டீச்சர்” என்றாள். பிறகு சம்பந்தியம்மாவுக்குப் பேசி, “என் தங்கச்சியா நெனச்சு அனுப்புதேன் மதினி. பொங்கிக் கொண்டாருவா, நல்ல நாள் நீங்க சொல்லுங்க” என்றாள். சம்பந்தியம்மா டீச்சரின் ஊர், குடும்பமெல்லாம் விசாரித்தார். பிறகு, “பொட்டு வைக்காதவியதான், இருந்தாலும் டீச்சரம்மா. வரச் சொல்லுங்க” என்றார். கிரேஸ் டீச்சர் ஐந்து வகைச் சோறு கட்டிக்கொண்டு, கண்ணாடி வளையலோடு பஸ்ஸில் போனார். போகும் முன் எந்தக் கைக்கு முதலில் போட வேண்டும் என்று அமெரிக்காவுக்குப் போன் செய்து கேட்டுக்கொண்டார்.

சுமதி வந்துவிட்டாள். ஆனால் அந்தத் தெருவில் எந்த நாள் வரை, எந்தச் சொம்பில், எதைக் குடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. கிருமி உள்ளே போய் ஐந்தாறு வாரம் கழித்துக்கூட நோய் தலைகாட்டும் என்கிறது பாடம். வந்து மூன்று வாரம் ஆகிறது. இப்போது படிக்க எனக்குப் பாடம் மிச்சமில்லை. இங்கே ராத்திரியாகும்போது அங்கே விடிகிறது. என் வீட்டுக்குப் போன் செய்கிறேன். நான் வாங்கிவைத்த போனை எடுத்து, “ஆரு வேணும்?” என்கிறது டீச்சர் மகனின் குரல். என் வீட்டிடம் நான் யார் என்று சொல்லிக்கொள்கிறேன்.

“சார், நீங்களா? செத்த இருங்க,” என்று டீச்சர் வாங்குகிறார். சுமதியைக் கிழக்கு ஜன்னலுக்குக் கூட்டிப்போங்கள், கண்ணின் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் தெரியாது என்கிறேன். அந்த வீட்டைக் கட்டினவன் நான். அந்த ஜன்னல் எத்தனை அடி, வெயில் எந்தக் கம்பி வழியாக முதலில் விழும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். வளையல் சத்தம் போனைவிட்டுத் தள்ளிப் போவது கேட்கிறது.

“மேல பாரு பாப்பா... இன்னுங் கொஞ்சம்.”

நான் இங்கே இருட்டில் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன். என் வீட்டு வெளிச்சத்தில், என் மகளின் கண்ணுக்குள் வேறொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.