கொம்பில்லாத வைக்கிங்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நான் வைக்கிங் ஆவதென்று முடிவு செய்தேன். ஆண்டுவிழா மாறுவேடப் போட்டிக்கு ஏற்கெனவே நாலைந்து கிருஷ்ணர்களும் ஒரு கத்தரிக்காயும் பெயர் கொடுத்திருந்தார்கள். எனக்கோ டிவி கார்ட்டூனில் கொம்பு வைத்த தொப்பியோடு கப்பலில் வந்து இறங்கும் அந்தக் கடலோடிகள் மேல்தான் பைத்தியம். மேடையில் என்னைப் பார்த்ததும் சபையே ‘வைக்கிங்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தலைக்கவசம் வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் ஹெல்மெட். பருத்திப்பட்டிலிருந்து கொரட்டூருக்கு பைக்கில் வேலைக்குப் போகும் அப்பாவுக்கு, லாரிகளுக்குப் பயந்து அம்மா வாங்கிக் கொடுத்தது. அப்பா அதை முழங்கையில்தான் மாட்டியிருப்பார். தூரத்தில் வெள்ளைச் சட்டை போலீஸ் தெரிந்தால் தலைக்கு ஏறும். தாண்டியதும் முழங்கைக்கு இறங்கிவிடும். இதற்காக ஒரு சண்டை நடக்காமல் எங்கள் வீட்டில் காலை இட்லி வேகாது.

“தோ கீற கொரட்டூருக்கு இன்னாத்துக்குடி அது?” என்பார் அப்பா. சாயங்காலம் அவர் பைக் சத்தம் கேட்கும்வரை அம்மா பால்கனிக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருப்பாள்.

அம்மாவின் தம்பி, கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்த மாமா, வைக்கிங் விஷயத்தைக் கரைத்துக் குடித்தவர். வியாழக்கிழமையின் ஆங்கிலப் பெயரே அவர்களுடைய இடிக் கடவுளின் பெயர் என்பார். போனில் புளூடூத் போடும்போதெல்லாம், அது அந்தக் காலத்து ராஜா ஒருவரின் பட்டப்பெயர் என்று சொல்லாமல் விடமாட்டார். ஹெல்மெட்டுக்கு வெள்ளி பெயிண்ட் அடித்தது அவர். ஓரமெல்லாம் ஜிகினா பட்டை ஒட்டியது அம்மா. நான் அட்டையில் கொம்பு வெட்டிக்கொண்டு போய் நின்றபோது மாமா குண்டைத் தூக்கிப் போட்டார்.

“நெஜ வைக்கிங் யாரும் கொம்பு வெச்சுகினதில்ல பாப்பா. அதெல்லாம் பின்னாடி நாடகக்காரங்க மாட்டிவுட்டது.”

அழுது பார்த்தேன். மனிதர் அசையவில்லை. சரித்திரம் சுத்தமாக இருக்க வேண்டுமாம்.

அப்படியாக மறுநாள் கொம்பில்லாத தலையும், அட்டைக் கத்தியும், கேடயத்துக்கு அன்னக்குண்டான் மூடியுமாக மேடைப் படியில் நின்றேன். டீச்சர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “இது என்ன வேஷம்ங்க?” என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா முன்வரிசையைப் பார்த்தாள். அங்கே சிறப்பு விருந்தினராகப் போக்குவரத்துக் காவல் அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். அம்மா டீச்சரின் காதில் ஏதோ சொன்னாள்.

மைக்கில் வந்தது: “அடுத்து, சாலைப் பாதுகாப்பு.”

‘கடல் தாண்டி வந்தேன்’ என்று நான் மனப்பாடம் செய்திருந்த வசனம் கைதட்டலில் மூழ்கிப்போனது. அதிகாரிக்கு வாயெல்லாம் பல். முதல் பரிசு எனக்கே, ஓர் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதோடு விடாமல், கூட்டத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவையும் மேடைக்குக் கூப்பிட்டார்.

“பொண்ணே சொல்லிடுச்சு. நாளையிலேர்ந்து நீங்களும் போட்டுகினு போவீங்கதான சார்?”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பா தலையாட்டினார். அதிகாரி ஹெல்மெட்டைக் கழற்றி அப்பாவின் தலையில் வைத்து, தாடைப் பட்டையையும் தானே மாட்டிவிட்டார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. ஒருவர்கூட வைக்கிங் என்று சொல்லவில்லை. மறுநாள் காலை, அப்பா அந்த வெள்ளி ஹெல்மெட்டோடு படியிறங்கினார்.

“இன்னா சார், கெட்டப்பு சோக்கா கீது,” என்றார் வாட்ச்மேன்.

பால்கனியிலிருந்து பார்த்தேன். ஜிகினா மின்ன, ஒரு நிஜ வைக்கிங் எங்கள் தெருவில் பைக்கில் போய்க்கொண்டிருந்தார். என் கோபமெல்லாம் போய்விட்டது. அம்மா அவர் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி உள்ளே போனாள். பெயிண்ட் உரிந்து தீரும்வரை அப்பா அதைத்தான் போட்டார்.

அம்மா மேல்தான் எனக்குக் கொஞ்சம் இரக்கமாக இருந்தது. அத்தனை ஜிகினா ஒட்டிவிட்டு, டீச்சர் கேட்ட நேரத்தில் பெயரை மறந்துவிட்டாளே. இனி மறக்காமலிருக்க அவளை உட்காரவைத்து, “வைக்கிங், வைக்கிங்” என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவும் புதிதாகக் கேட்பவள்போல் கூடவே சொன்னாள்.