சோப்பு போடாமல் போன செவ்வாய்க்கிழமை

நொச்சிக்குப்பம் ரோட்டோரத்தில் மீன் விற்கிறவர் தேசம்மா. வயது ஐம்பத்திரண்டு. யாராவது வஞ்சிரத்தை அமுக்கி அமுக்கிப் பார்த்தால், "போதும் விடும்மா, அதுக்கு இன்னா காய்ச்சலா?" என்பார். கடையை எடு என்று அதிகாரி வந்தால் கூடைக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுவார். நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது.

இப்படிப்பட்டவர் பதினான்கு மாதம் ஓர் இடத்தில் மட்டும் வாயைத் திறக்காமல் இருந்தார். அடையாறில் உள்ள ஓர் இல்லத்தில். அங்கேதான் அவர் மகன் டில்லிபாபு இருந்தான்.

டில்லிக்கு இருபத்து நாலு வயது. ஆட்டிசம். பேச்சு இல்லை. ஆளை வாசனையில் அறிவான். இல்லத்துக்குப் போகும் முன் அம்மாவின் கடையோரமே இருப்பான். வியாபாரம் முடித்து அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் அவர் உள்ளங்கையை இழுத்து மூக்கில் வைத்துக்கொள்வான். பிறகு ஐஸ் பெட்டியைத் தட்டுவான். டம் டம், டம். அவன் 'அம்மா' என்று கூப்பிடுவது அதுதான்.

ஒரு நாள் தேசம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ரோட்டுக்குள் ஓடினான். கார் இடித்துக் கால் முறிந்தது. கணவர் இறந்து ஒன்பது வருடம். வீட்டில் வேறு ஆள் இல்லை. "புள்ளைய ஊட்ல பூட்டி வெச்சிட்டு என்னால யாவாரம் பண்ண முடியாது" என்று சொல்லித்தான் இல்லத்தில் சேர்த்தார்.

பார்க்க அனுமதி மாதத்தில் இரண்டாவது ஞாயிறு மட்டும், பத்து மணியிலிருந்து பதினொன்று வரை. முதல் ஞாயிறே மேலாளர் விஜயலக்ஷ்மி பக்குவமாகச் சொன்னார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இந்த வாடை மத்த பசங்களுக்கு ஒத்துக்கல. குளிச்சிட்டு வாங்களேன்."

தேசம்மா கூனிக்குறுகிப் போனார். அடுத்த மாதத்திலிருந்து, மீன் அதிகம் விற்கும் ஞாயிற்றுக்கிழமையில் கடையை மூடிவிட்டு, எலுமிச்சம்பழத் தோலால் நகக்கண் வரை தேய்த்து, சந்தன சோப்பு போட்டுக் குளித்து, மல்லிப்பூ வைத்துக்கொண்டு போனார். டில்லி நாற்காலியில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். கையை நீட்டினால் மோந்துவிட்டுக் கீழே விட்டுவிடுவான்.

"நல்லா செட்டில் ஆயிட்டான். தட்டறதே இல்ல" என்பார் மேலாளர்.

குப்பத்தில் கேட்டவர்களிடம் தேசம்மா, "என்ன மறந்துட்டான். ஆனா நல்லா கீறான்" என்று சொல்லிவந்தார். உழைக்கிறவளைத் தன் உழைப்பின் வாடைக்கே வெட்கப்பட வைத்துவிட்டால் போதும். அதற்கப்புறம் அவள் எதையும் கேட்கமாட்டாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு இல்லத்து ஆயா கமர் ஜஹான் போன் செய்தார். "தேசம்மாக்கா, எம்பேரச் சொல்லாத. ஒடனே வா." அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

வெட்டிய சங்கரா மீனைப் பக்கத்துக் கடையில் தள்ளிவிட்டு, செதில் ஒட்டிய கையோடு தேசம்மா ஆட்டோவில் ஏறினார்.

"யக்கா, வண்டி நாற ரெண்டு நாளாவும்."

"இப்ப மட்டும் இன்னா, ரோஜாப்பூவா மணக்குது? ஓட்டு நைனா!"

இல்லத்து வாசலில் விஜயலக்ஷ்மி வழியை மறித்தார். "இன்னிக்கு விசிட்டிங் இல்லையேம்மா. டில்லி இங்க இல்ல. பீச்சுக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

தேசம்மா குனிந்து செருப்பு வரிசையைப் பார்த்தார். டில்லியின் நீலச் செருப்பு. அறுந்த வாரை வலை நூலால் தைத்துக் கொடுத்தது அவரே.

"செருப்பு இல்லாம பீச்சுக்கா?"

பதிலுக்கு நிற்காமல் மாடிப்படி ஏறினார்.

"மேல போகக்கூடாது! போலீஸக் கூப்பிடுவேன்!"

"கூப்டு."

மாடியில் மூன்று கதவுகள். மூன்றுக்கும் வெளியே தாழ்ப்பாள். தேசம்மா மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார். பேர் சொல்லிக் கூப்பிடப் பயமாக இருந்தது. கூப்பிட்டு, உள்ளே இருந்து ஒன்றும் வராவிட்டால்?

நடுக் கதவுக்குப் பின்னால் இரும்பு அதிர்ந்தது. டம் டம். கொஞ்சம் பொறுத்து, டம்.

கமர் ஜஹான் ஓடி வந்து தாழ்ப்பாளை இழுத்தார். உள்ளே இரும்புக் கட்டில். டில்லியின் இடது மணிக்கட்டு பழைய துப்பட்டாவால் கட்டில் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. ஆறின புண்ணின் மேலேயே புதுப் புண். விடுபட்டிருந்த கையால் அம்மாவின் உள்ளங்கையைப் பிடித்து மூக்கில் அழுத்திக்கொண்டான். விடவே இல்லை.

"தன்னையே அடிச்சுக்கறான்மா. அவன் பாதுகாப்புக்குத்தான்" என்றார் விஜயலக்ஷ்மி. "ஒரு வாரமா ரெண்டு ஆயா லீவு."

"ஒரு வாரமா? மூணு மாசம், மேடம்!" கமர் ஜஹான் குறுக்கிட்டார். "பதினோரு பேருக்கு நா ஒருத்தி. யக்கா, கட்னது நாந்தான். நீ வர்ற ஞாயித்துக்கெழம காத்தால ரெண்டு தூக்க மாத்தர குடுத்ததும் நாந்தான். அடிக்கறதுனா அடி."

அடிக்கத்தான் தேசம்மாவுக்குக் கை துடித்தது. அது டில்லியின் பிடியில் இருந்தது.

கட்டை அவிழ்த்து, மகனைக் கீழே அழைத்து வந்தார். மேலாளர் ஒரு தாளை நீட்டினார். "கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போங்க. அதுவரைக்கும் கேட் திறக்க முடியாது."

"இன்னா போட்ருக்குது?" தேசம்மாவுக்குத் தன் பேர் மட்டும்தான் எழுத வரும்.

கமர் ஜஹான் படித்தார். "'இல்லத்தின் பராமரிப்பில் எனக்குக் குறை எதுவும் இல்லை.'"

வாட்ச்மேன் கேட்டில் பூட்டைப் போட்டார். தேசம்மா பூட்டைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். பேரை எழுத அரை நிமிஷம் போதும். பிறகு வரவேற்பறையின் நட்ட நடுவில் சப்பணமிட்டு உட்கார்ந்தார். டில்லி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அப்ப இங்கியே குந்திக்கறேன். நாளிக்கு கடையும் இங்கதான். வாடைய நீங்க அனுபவிங்க."

தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தைக் கமரிடம் நீட்டினார். "இந்தாண்ட எழுது. கட்னது, மாத்தர குடுத்தது, ஒத்த ஆளா நின்னது. ஒண்ணு விடாத."

"கமர், வேலை வேணும்னா பேனாவ எடுக்காத" என்றார் மேலாளர்.

கமர் ஜஹானுக்கு ராயப்பேட்டையில் படுத்த படுக்கையாகக் கணவர். இந்தச் சம்பளம்தான் வீடு. "எம்பேரும் போடணுமாக்கா?"

"போட்டாதான் அது பேப்பரு. போடாட்டி பொட்டலம் மடிக்கத்தான் ஆவும்."

பேனா நகர வெகுநேரம் ஆனது. நகர்ந்தது. கடைசி வரியில் கமர் ஜஹான் என்று எழுதினார். அதன் கீழே தேசம்மா தன் பேரை எழுதி, தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். கேட்டைத் திற என்று யாரும் சொல்லவில்லை. வாட்ச்மேன் தானாகவே திறந்தார்.

அந்தத் தாள் அரசு அலுவலகத்தில் கிடக்கிறது. ஒரு முறை விசாரிக்க வந்தார்கள். கமருக்கு அன்றே வேலை போயிற்று. மீதிப் பத்துப் பேர் இன்னும் அங்கேதான். டில்லி மறுபடியும் அம்மாவின் கடையில், ஐஸ் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். கார்கள் மூன்றடி தள்ளிப் போகின்றன. அவனுக்கு நல்ல இடம் ஒன்று வேண்டும். இது தேசம்மாவுக்குத் தெரியும், தேடிக்கொண்டும் இருக்கிறார்.

இப்போது எந்த இல்லத்துக்குப் போனாலும் கடையிலிருந்து அப்படியே போகிறார். கேட்பது இரண்டு கேள்வி. "பத்து பேருக்கு எத்தினி ஆளு? சொல்லாம கொள்ளாம வந்தா மாடிக்கு வுடுவியா?"

இதுவரை மூன்று இடம். மூன்றிலும், கேள்விக்குப் பதில் வருவதற்கு முன்னால் மூக்கைப் பொத்தினார்கள். வந்த வழியே திரும்பிவிட்டார்.