பிரேக் மாஸ்டர் தள்ளிப்போட்ட ஊசி

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் அவருக்கு பிரேக் மாஸ்டர் என்றுதான் பெயர். பழகுகிறவர் காலடியில் ஒரு பிரேக் என்றால், பக்கத்தில் உட்காரும் இவர் காலடியில் இன்னொன்று. தூரத்தில் நாய் ஒன்று எழுந்து சோம்பல் முறித்தாலே மிதித்துவிடுவார். இவரிடம் படித்தவர்கள் லைசென்ஸ் வாங்கியிருக்கிறார்கள். பிரேக் பிடிக்கப் பழகியதாகச் சரித்திரம் இல்லை.

கைக்குழந்தையான மகளுக்குத் தட்டம்மை ஊசி போடவேண்டிய மாதம் வந்தது. மனிதர் அசையவில்லை. காரணமும் இருந்தது. மூத்தவனுக்கு ஒன்றரை வயதில் ஊசி போட்ட அன்று காய்ச்சல் ஏறி, வலிப்பு வந்து, கண் செருகிவிட்டது. பையன் மறுநாளே எழுந்து ஓடினான், இன்றைக்கு வீட்டையே தலைகீழாக்குகிறான். இருந்தாலும் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

"அடுத்த மாசம் பாத்துக்கலாம். போட்டா போட்டதுதான், திருப்பி எடுக்க முடியாது" என்பார். மனைவி பதில் பேசமாட்டாள். சரி, அவளுக்கும் சம்மதம் என்று வசதியாக எடுத்துக்கொண்டார்.

மாடிவீட்டுக் குழந்தையைத் தட்டம்மை என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று ஆள் ஆடிப்போனார்.

"யாரும் மாடிப்பக்கம் தலை வெச்சுப் படுக்கக் கூடாது. ஜன்னலைச் சாத்து."

"அது காத்துல வருதுங்க. அதுக்கும் உங்க காலடியில பிரேக் இருக்கா?"

மறுநாள் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். டாக்டர் மூத்தவன் கதையைப் பொறுமையாகக் கேட்டார். போடலாம் என்று ஊசியைப் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வரலாம், வந்தால் என்ன செய்யவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சொன்னபடியே காய்ச்சல் வந்தது. மனைவி குழந்தையை மடியில் போட்டு, மருந்து கொடுத்து, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். இவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்குப் பயமே இல்லையா? இவ்வளவு தைரியம் இருக்கறவ, என்னைக் கேக்காம நீயே போட்டுட்டு வந்திருக்கலாமே?"

அவள் நிமிரவில்லை.

"பெரியவனுக்கு வலிப்பு வந்தப்ப அவன் என் மடியில கிடந்தான். நீங்க ரோட்டுல கிளாஸ் எடுத்துக்கிட்டு இருந்தீங்க. கண்ணு செருகினதைப் பாத்தவ நான். இன்னொரு தடவை தனியா தாங்க முடியாதுன்னுதான் இத்தனை நாள் உங்களுக்காகக் காத்திருந்தேன்."

அவருக்கு வெட்கமாக இருந்தது. ஊரெல்லாம் சொல்லிப் பயந்தது, தான் பார்க்கவே பார்க்காத ஒன்றை. பக்கத்தில் உட்கார்ந்து, குழந்தையைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார்.