என் விரலுக்கு முந்திய தாளம்

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. அப்போது நான் மைசூரில் ரயில்வே குமாஸ்தா. அலுவலகம் விட்டால் டபுள் பேஸ்தான். என்னைவிட உயரமான, நாலு தந்தி போட்ட அந்த வாத்தியத்தை ஜட்கா வண்டியில் படுக்கவைத்துவிட்டு நான் பின்னால் சைக்கிளில் போவேன். சனிக்கிழமை மாலை ஓர் ஓட்டலின் நடன ஹாலில் வால்ட்ஸ், ஞாயிறு காலை சர்ச், வார நாட்களில் ஊரில் முகாம் போட்டிருந்த கன்னட நாடகக் கம்பெனி. மூன்றும் என் விரலில் கலந்துபோயின. வால்ட்ஸுக்குள் நாடக மேடையின் துள்ளல் புகுந்துவிடும். ஞானப்பாட்டின் அடியில் நடன ஹால் மெல்ல அசையும்.

“ஏம்ப்பா, இது டான்ஸ் ஹாலா, ஜாத்ரேத் திருவிழாவா?” என்று பியானோ வாசித்த எங்கள் பேண்ட் தலைவர் கத்துவார். கோலார் தங்கவயல்காரர். ஆனால் ஆட வந்தவர்களுக்கு அந்தக் கலப்புதான் பிடித்திருந்தது. அதனால் என்னை நீக்கவும் அவருக்கு மனமில்லை.

என் மனைவிக்குக் காது கேட்காது. ஒன்பது வயதில் வந்த விஷக்காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள், தெளிவாகவே பேசுவாள். நான் வீட்டில் வாசிக்கும்போது தையலை வைத்துவிட்டு வந்து, வாத்தியத்தின் முதுகில் உள்ளங்கையைப் பதித்துக்கொண்டு உட்காருவாள். அவளுக்குக் கிடைத்த சங்கீதம் அது ஒன்றுதான்.

ஒரு ஞாயிறு மதியம் கையை எடுக்காமலே கேட்டாள்: “உங்க கூட யாரு வாசிக்கறது?”

“யாரும் இல்லையே.”

“இல்லங்க. முதல்ல ஒண்ணு வருது. அதுக்கப்புறம்தான் உங்களோடது.”

சிரித்தேன். சரி, பார்த்துவிடலாம் என்று அவளைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொன்னேன். இடது கை மரத்தில், வலது கையில் ஒரு பென்சில். அதிர்வு தெரிந்ததும் முக்காலியில் தட்ட வேண்டும். தாளம் எதுவும் இல்லாமல், தோன்றியபோது மட்டும் தந்தியை இழுத்தேன். ஒவ்வொரு முறையும் பென்சில் முந்திக்கொண்டது. ஒரு நொடிகூட இருக்காது, ஆனாலும் முந்தியது. கடைசியில் விரலைத் தந்திவரை கொண்டுபோய், இழுக்காமல் நிறுத்தினேன். பென்சிலும் தட்டவில்லை. “ஏன் நிறுத்திட்டீங்க?” என்றாள் அவள், சுவரைப் பார்த்தபடியே.

அடுத்த சனிக்கிழமை ஹாலுக்கு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தாள். மேடையில் எனக்குப் பின்னால் அவளுக்கு ஒரு ஸ்டூல் போட்டவர் எங்கள் டிரம்ஸ்காரர்தான். பகலில் தபாலாபீஸில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிறவர். வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவளைச் சிரிக்க வைப்பதற்காகவே டிரம்ஸ் குச்சியை மூக்கின் மேல் நிறுத்திக் காட்டுவார். அன்றும் காட்டினார்.

வாத்தியத்தில் உள்ளங்கையை வைத்திருந்தவள், இரண்டாவது பாட்டின் நடுவே என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“நின்னுபோச்சுங்க.”

வாசித்துக்கொண்டே அவள் பக்கம் முகத்தைத் திருப்பினேன். “நான் வாசிச்சிட்டுத்தானே இருக்கேன்?”

“உங்களோடது வருது. அது வரல.” முகம் வெளுத்திருந்தது. “நிறுத்துங்க. எல்லாரையும் நிறுத்தச் சொல்லுங்க.”

என்னவென்று சொல்லி நிறுத்துவது? இன்னும் நாலு அடி வாசித்திருப்பேன். டிரம்ஸ்காரரின் கையிலிருந்து குச்சி நழுவி உருண்டது. அவர் தலை மெதுவாக டிரம்மின் மேல் சாய்ந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. மாரடைப்பு என்றார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: “அதுக்குத் தெரிஞ்சிருக்கு.”

அதன் பிறகு அவள் கையை வைக்க நான் விடவில்லை. அவள் தையல் வகுப்பு எடுக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வாசித்தேன். சில வருஷம் கழித்து எங்கள் ஊருக்கும் மின்சார பேஸ் கிதார் வந்தது. முதல் ஆளாக நான் வாங்கினேன். பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போகச் சுலபம் என்று எல்லோரிடமும் சொன்னேன். அதன் கட்டை கெட்டியானது, உள்ளே வெற்றிடம் கிடையாது என்பதுதான் உண்மையான காரணம். பழைய வாத்தியத்தைச் சர்ச்சுக்குக் கொடுத்துவிட்டேன். பேஸ் கிதாரோடு பெங்களூர் ஓட்டல்களிலும் நாடகப் பாட்டு ரெக்கார்டிங்குகளிலும் நல்ல பெயர் கிடைத்தது. அவள் ஒரு நாளும் அதைத் தொட்டுப் பார்க்கக் கேட்கவில்லை. அவள் கேட்காததில் எனக்கு நிம்மதி. இன்று நினைத்தால் அந்த நிம்மதிதான் உறுத்துகிறது.

வியாழக்கிழமைகளில் பீடத்துணி மாற்ற அவள் சர்ச்சுக்குப் போவாள். ஒரு நாள் திரும்பி வர நேரமாகிறதே என்று தேடிப் போனேன். மாலை வெளிச்சம் இன்னும் இருந்தது. பாடகர் இருக்கைகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். வாத்தியம் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு தந்திகள் அறுந்து தொங்கின. அவள் உள்ளங்கை அதன் முதுகில் இருந்தது. வேறு யாரும் இல்லை.

என் நிழலைப் பார்த்து நிமிர்ந்தாள். எழவில்லை.

“போலாமா?” என்றேன்.

“இருங்க,” என்றாள். “அது இன்னும் முடிக்கல.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.