அண்ணனின் தத்துவ நோட்டு

அண்ணன்மேல் எனக்கிருந்த பொறாமையைப் மாதா கோயிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை. சாமியாராவதற்காகக் குருமடத்துப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படித்த அவன் லீவுக்குத் தென்காசி வந்தால், பெற்ற அம்மாவே “வாங்க பிரதர்” என்பாள். அவனுக்கு வெள்ளி டம்ளரில் காபி. கோயிலில் நடக்கும் ஞானோபதேசப் பரீட்சையில் வருஷா வருஷம் முதல் பரிசு வாங்கிய எனக்கு, நசுங்கிய பித்தளை.

அவனிடம் ஒரு நோட்டு இருந்தது. கடவுள் உண்டு என்பதற்கு, ஆன்மா அழியாது என்பதற்கு, பக்கம் பக்கமாக வாதங்கள். திருட்டுத்தனமாக வாசித்தேன், நன்றாகவே புரிந்தது. என்னை ஏன் இப்படிப் படிக்க அனுப்பவில்லை என்று கேட்டால், “அம்மாட்ட கேளுட்டி” என்பான். அம்மா பேச்சை மாற்றிவிடுவாள்.

அந்த ஜூனில் சாரல் தொடங்கியதும் குற்றாலம் போனோம். நோட்டையும் பையில் கொண்டுவந்திருந்தான். லீவு முடிந்ததும் அதில்தான் பரீட்சை. தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். வரட்டுமே, பித்தளை டம்ளரில் குடிக்கட்டுமே என்று பாலத்திலிருந்து அதை ஆற்றில் போட்டேன்.

கீழே படித்துறையில் அண்ணன் நின்றதைப் பிறகுதான் பார்த்தேன். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நோட்டு மிதந்து போனது. அவன் குனியவில்லை. அது வளைவு திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றான். என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை. தண்ணீருக்குப் பயந்தாங்கொள்ளி என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அருவிக் குளியல் ஒத்துக்கொள்ளாமல் இரண்டு தும்மல் போட்டேன். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. ஓடிவந்து நெற்றியைத் தொட்டான்.

“காய்ச்சல் அடிக்குதாட்டி? உள்ளதைச் சொல்லு.”

“வெறும் சளிண்ணே.”

அன்றைக்கே புது நோட்டு வாங்கி உட்கார்ந்தான். மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. ஒரு வாதம் விடாமல் ஞாபகத்திலிருந்தே எழுதி முடித்தான். ஃபெயிலாகிவிடும் பயம் என்று மனசுக்குள் சிரித்தேன். இவ்வளவையும் மண்டையில் வைத்திருக்கிறானே என்று அதற்கும் வயிறெரிந்தேன்.

அவன் பரீட்சையில் தேறினான், சாமியாரும் ஆனான். அவன் முதன்முதலாகப் பூசை வைத்த புதுப்பூசை அன்று அம்மா என்னைக் காட்டி, வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள்: “ரெண்டு வயசுல இவளுக்கு விஷக்காய்ச்சல். டாக்டர் கைவிட்டுட்டாரு. இவ பொழைச்சா மூத்தவனை ஆண்டவருக்குக் குடுத்துருதேன்னு நேந்துக்கிட்டேன். சின்னப்பய, பக்கத்துல நின்னு கேட்டுக்கிட்டே இருந்தான்.”

நோட்டு போகட்டும் என்று நின்றவன், இரண்டு தும்மலுக்கு ஏன் மறுபடி பேனாவை எடுத்தான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.